தொடக் கூடாத நேரம்

புரட்டாசி 5, சனி

சிட்டு மாமா,

தியானத்தில் உட்கார்ந்து எழுந்ததும் மனசில் என்ன வந்ததோ அதை எழுதி வைக்க வேண்டும், யாருக்கும் காட்டக் கூடாது என்பது மன்றத்து வழக்கம். இத்தனை வருசமும் நீங்கள்தான் எழுதினீர்கள். நான் ஒரு நாளும் எழுதினதில்லை. "எனக்கு வர்றதெல்லாம் மாவு பொங்கறதும் பாத்திரம் கெடக்கறதுந்தானுங். அதை எதுக்கு எழுதிக்கிட்டு?" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். நீங்களும் சிரித்துவிட்டு விட்டுவிடுவீர்கள். அஞ்சாவதோடு நின்றவளுக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும் என்று உங்களுக்கும் தெரியும்.

உங்கள் நோட்டுகள் உங்களோடு எரிந்துவிட்டன. அதுவும் மன்றத்து வழக்கம்தான். கட்டின கயிற்றைக்கூட அவிழ்க்காமல் நெஞ்சின்மேல் வைத்தார்கள். நல்லதுதான். அது உங்களுக்கும் உங்கள் மனசுக்கும் நடந்த பேச்சு.

இப்போது நான் எழுதுகிறேன். உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இன்று புரட்டாசியின் முதல் சனிக்கிழமை. இந்த வருசம் நமக்கு மாவிளக்கு கிடையாது. வீட்டைக் கழுவிவிட்டேன். உங்கள் வேட்டிகளை மடித்து வைத்தேன். ஒன்றை மட்டும் துவைக்காமல் வைத்திருக்கிறேன்.

புரட்டாசி 6, ஞாயிறு

உட்கார்ந்தேன். கண்ணை மூடினதும் எழுந்துவிட்டேன்.

புரட்டாசி 10, வியாழன்

தறிக்குப் போகத் தொடங்கிவிட்டேன். "இன்னுங் கொஞ்ச நாள் கழிச்சு வந்தாப் போதாதா துளசி?" என்று முதலாளியம்மா கேட்டார். "வீட்ல சத்தமே இல்லீங்க்கா" என்றேன். அவர் என் பழைய தறியைக் காட்டினார்.

தறி ஓடும்போது யோசனை வருவதில்லை. நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், ஊடை நூல் சுற்றின தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். நீங்களும் இப்படித் தறியில் நின்றவர்தானே. நமக்குக் கல்யாணமான புதிதில் நூல் அறுந்ததற்கெல்லாம் என்மேல் கோபப்படுவீர்கள். சோற்றுத் தட்டு வாசலுக்குப் பறக்கும். நம் மகள் சுகந்தி கைக்குழந்தை, சத்தம் கேட்டு வீரிட்டு அழுவாள். அப்புறம் பஸ் கண்டக்டர் வெள்ளியங்கிரி அண்ணன் உங்களை மன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். "சும்மா வந்து உக்காருடா. காசா பணமா?" என்றார். ஒரு மாசம் போய் வந்த பிறகு தட்டு பறப்பது நின்றது. அது என்ன மாயம் என்று பார்க்கத்தான் நானும் வந்தேன்.

முதல் வருசம் உங்களுக்கு நெற்றியில் வெளிச்சம் வந்தது. எனக்குக் கால் மரத்துப்போனது. உங்களுக்கு உடம்பு காணாமல் போனது என்றீர்கள். எனக்குக் கொசுதான் வந்தது. அப்புறம் உங்களுக்கும் வெளிச்சமெல்லாம் நின்றுபோனது. வருசக்கணக்காக ஒன்றுமே வரவில்லை. ஆனாலும் ஒரு நாள் விடாமல் போனீர்கள். "ஒண்ணும் வராததுக்கு எதுக்குங்க மாமா போறீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் வராம உக்கார முடியுதல்ல, அதுக்குத்தான்" என்றீர்கள்.

உங்கள் அம்மா செத்தபோது நீங்கள் அழவில்லை. "தியானம் பண்ணிப் பண்ணி கல்லாப் போயிட்டான்" என்று உங்கள் அக்கா ஊரெல்லாம் சொன்னார். நீங்கள் தண்ணித்தொட்டிக்குப் பின்னால், குழாயைத் திறந்து விட்டுவிட்டு நின்றது எனக்குத்தான் தெரியும்.

புரட்டாசி 17, வியாழன்

மன்றத் தலைவர் குழந்தைவேலு ஐயா நூல் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. நீங்கள் வழக்கமாக உட்காரும் மூலையைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"அம்மிணி, கார்த்திகை ரெண்டாந் தேதி ஞாயித்துக்கெழமை நம்ம மன்ற நாள் வருது. அன்னைக்கு அவரு உக்காந்த எடத்துல ஒரு கல்லு வெக்கலாம்னு எல்லாருக்கும் ஆசை. 'இவ்விடத்தில் அமர்ந்தபடியே இறைநிலை எய்தினார்'னு பொறிச்சு."

நான் காப்பி டம்ளரை அவர் முன்னால் வைத்தேன்.

"எரிச்சதே தப்புங்கறேன் நானு. உக்கார வெச்சு, திருநீறும் உப்பும் போட்டு அடக்கம் பண்ணியிருக்கோணும். ஆஸ்பத்திரி அது இதுன்னு அலைஞ்சதுல நமக்கெல்லாம் புத்தி மழுங்கிப்போச்சு. இந்தக் கல்லாச்சும் வெப்பம். நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லோணும். நீங்க சொல்லாம நாங்க வெக்க மாட்டோம்."

"யோசிச்சுச் சொல்றனுங்" என்றேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்குது? இப்பிடியொரு சாவு யாருக்குக் கெடைக்கும்?"

அவர் போனதும் டம்ளரைக் கழுவினேன். கழுவினதையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன்.

நான் சரி என்றால் நீங்கள் சமாதி. இல்லை என்றால் நீங்கள் நோயாளி. இரண்டில் எது என்று என்னைக் கேட்கிறார்கள். உங்களோடு இத்தனை வருசம் இருந்தவளுக்குத் தெரியாதா என்பது அவர்கள் எண்ணம்.

புரட்டாசி 19, சனி

சுகந்தி திருப்பூரிலிருந்து வந்திருந்தாள். கல் விசயத்தைச் சொன்னதும் பையைக்கூடக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டாள்.

"சமாதியாமா சமாதி! டாக்டர் என்னம்மா சொன்னாரு? மூளையில ரத்தக்கொழாய் அடைச்சிருக்குதுன்னாரு. 'எத்தனை மணிக்கு ஆச்சு?'ன்னு கேட்டாரு. ஒருத்தருக்காச்சும் பதில் தெரிஞ்சுதா? முன்னாடியே வந்திருந்தா என்னமாச்சும் பண்ணியிருக்கலாம்னாரு. நீயுந்தான பக்கத்துல நின்ன?"

"நின்னேன்."

"அத்தனை பேரு இருந்திருக்கீங்க. ஒருத்தரு எங்கப்பனைத் தொட்டுப் பாக்கல. அந்தக் கண்டக்டரு கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டு என்ன புடுங்கிட்டு இருந்தாரு?"

"வாயை அடக்கு. உன்னைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவரு."

"தூக்கினா? அதுக்காக எங்கப்பனை விட்டுருவாரா?"

அவளுக்கு விவரம் தெரிந்தபோதே நீங்கள் சாந்தமாகிவிட்டீர்கள். அவளுக்கு நீங்கள் கோபம் இல்லாத அப்பா. பறந்த தட்டெல்லாம் அவளுக்கு ஞாபகம் இல்லை. அதனால் மன்றம் நமக்கு என்ன கொடுத்தது என்று அவளுக்குத் தெரியாது, என்ன எடுத்துக்கொண்டது என்று மட்டும்தான் தெரியும்.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எல்லோரும் கண்ணை மூடும்போது ஒருவர் மட்டும் மூடாமல் இருப்பார். அதற்குக் காவல் என்று பேர். நாய் உள்ளே வராமல், போன் அடிக்காமல், யாரும் யாரையும் தொடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஆழமாகப் போனவரைத் தொட்டால் அவருக்கு ஆகாது என்பது மன்றத்தில் முதல் பாடம். அன்று வெள்ளியங்கிரி அண்ணன் முறை. மணி அடித்த பிறகும் நீங்கள் எழவில்லை. அவர் உதட்டில் விரலை வைத்து எங்கள் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். சத்தம் போடாமல் எழுந்தோம். சிலர் உங்கள் முன்னால் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனோம். வெயில் ஏறின பிறகு அவர் உங்கள் தோளைத் தொட்டபோது நீங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தீர்களாம். அப்போதும் மூச்சு இருந்தது. மறுநாள் சாயங்காலம் பொழுதோடுதான் நின்றது.

வெள்ளியங்கிரி அண்ணன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

புரட்டாசி 20, ஞாயிறு

சுகந்தி போய்விட்டாள். போகும்போது என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டுப் போனாள்.

ஐப்பசி 3, சனி

ரேசன் கடையில் வெள்ளியங்கிரி அண்ணனைப் பார்த்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். திரும்பி என்னைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டு, அரிசி வாங்காமலே போய்விட்டார். பஸ்ஸில் இத்தனை பேரைக் கேலி பேசி, சில்லறைக்குச் சண்டை போட்டு, வாய் மூடாமல் இருந்த மனிதர். ஒரு மாதிரியாக மெலிந்துவிட்டார்.

பின்னால் நின்ற அவர் வீட்டு அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்றத்துக்குப் போறதில்ல கண்ணு. வீட்லயும் உக்கார்றதில்ல. வேளைக்குச் சோறு போட்டா, பாத்துக்கிட்டே இருக்கறாரு. கேட்டா, 'என்னைத் தொடாத'ங்கறாரு."

"அண்ணனை ஒரு நா வீட்டுக்கு வரச் சொல்லுங்கண்ணி" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கோபம் இல்லை என்று காட்டவா? இல்லை, கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. கண் திறந்திருந்தவர் அவர் ஒருவர்தான். நீங்கள் எப்படிப் போனீர்கள் என்று பார்த்தவரும் அவர் ஒருவர்தான்.

ஐப்பசி 9, வெள்ளி

மழை. தறிக்குடோனில் தண்ணீர் ஏறிவிட்டது. இன்று லீவு. உளுந்து ஊற வைத்து, அரைக்க மனம் இல்லாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஐப்பசி 15, வியாழன்

தீபாவளி. நமக்கு நோம்பி இல்லை. தெருவெல்லாம் வெடி. கதவைச் சாத்தி வைத்திருந்தேன். வெளியே செருமல் கேட்டது.

"அம்மிணி, உள்ள வரலாமுங்களா?"

வெள்ளியங்கிரி அண்ணன். கையில் ஒன்றும் இல்லை. துக்க வீட்டுக்குப் பலகாரம் கொண்டுவரக் கூடாது என்று தெரிந்தவர்.

"வாங்ணா. காப்பிதான் இருக்குது."

"சக்கரை கம்மியாப் போடு" என்றார். அப்புறம், "இல்ல, போட்டே குடு. இனி எதுக்கு அதெல்லாம்" என்றார்.

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடிக்கவில்லை. வெளியே சரவெடி ஒன்று வெடித்து ஓய்ந்தது. அதுவரை காத்திருந்தவர்போலப் பேச ஆரம்பித்தார்.

"தலை மெல்லச் சாஞ்சுது அம்மிணி. சரி, அசந்துட்டானாட்ட இருக்குதுன்னு பாத்தேன். அப்பறம் சிரிச்சான்."

"சிரிச்சாரா?"

"ஒரு பக்கமா. இப்பிடி." தன் உதட்டின் ஒரு ஓரத்தை விரலால் இழுத்துக் காட்டினார். "அது சிரிப்பில்லைன்னு ஆஸ்பத்திரியில அந்தச் சின்னப் பொண்ணு, டாக்டரு, சொன்னப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. வாய் கோணினதைச் சிரிப்புன்னு நெனச்சிருக்கேன். அன்னைக்கு எனக்கு அது சிரிப்பு. நாம தலையால தண்ணி குடிச்சும் கெடைக்காதது இவனுக்குக் கெடைச்சிருச்சுன்னு நெனச்சேன்."

நான் கதவை இன்னும் இறுக்கிச் சாத்தினேன்.

"ஒரு கை விரலு தொடையில தட்டுச்சு. தாளம் போடற மாதிரி. சித்த நேரந்தான். அப்பறம் நின்னுருச்சு. உள்ள என்னமோ கேக்குதாட்ட, அதுக்குத் தாளம் போடறான்னு பாத்துக்கிட்டே நின்னேன். நாந்தான் அவனை மன்றத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். எனக்கு மூட்டு வலியத் தவிர ஒண்ணும் வர்ல. பொறாமையா இருந்துச்சு அம்மிணி. கண்ணுல தண்ணி வந்துருச்சு. கையெடுத்துக் கும்பிட்டேன் அவனை. கும்பிட்டுட்டு நின்னேனே ஒழிய…"

"காப்பி ஆறுதுங்ணா" என்றேன்.

"ஏசிப் போடு அம்மிணி. ரெண்டு வார்த்தை நல்லா ஏசிப் போடு. உம் மக ஏசினான்னு கேள்விப்பட்டேன். அதுவே எனக்குத் தெம்பா இருந்துச்சு."

"நோம்பியும் அதுவுமா ஏசக் கூடாதுங்."

அவர் சிரித்தார். சிரிக்க ஆரம்பித்தது வேறு மாதிரி ஆகிவிட்டது. துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். நான் அடுப்படிக்குப் போய் நின்றேன். அழும் ஆம்பிளையைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

போகும்போது, "கல்லு வெக்கறதுக்குச் சரின்னு சொல்லீறாத அம்மிணி. அந்தக் கல்லை நான் தெனமும் பாக்கோணும்" என்றார்.

ஐப்பசி 16, வெள்ளி

விரல் தட்டியது. அதையே நினைத்துக்கொண்டு தறியில் நின்றேன். மூன்று முறை நூல் அறுந்தது, நான் கவனிக்கவில்லை. முதலாளியம்மாதான் வந்து முடிச்சுப் போட்டார்.

ஐப்பசி 18, ஞாயிறு

இதை எழுதாமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் வந்ததும் சொல்லலாம் என்று வைத்திருந்ததுதான் இது. சொல்லாமலே இருக்கிறது.

அன்று காலையில் நான் பெண்கள் வரிசையில், உங்களுக்கு நேர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். பக்கத்துக் குடோனில் தறி ஓடிக்கொண்டிருந்தது. மாவு ஞாபகம் வந்தது. கால் மரத்தது. எப்போதும்போலத்தான். அப்புறம் திடீரென்று, தறிக்குடோனில் கரண்டு போகுமே மாமா, எல்லாத் தறியும் ஒரே சமயத்தில் நின்றுவிடுமே, அப்போதுதானே இவ்வளவு நேரம் இவ்வளவு சத்தத்தில் நின்றோம் என்று காதுக்குத் தெரியும், அந்த மாதிரி எனக்குள்ளே கரண்டு போனது. வெளியே தறி ஓடத்தான் செய்தது. உள்ளே நின்றுவிட்டது. நான் இருந்தேன். ஆனால் துளசிமணி இல்லை. ஆத்தா இல்லை, பெண்டாட்டி இல்லை, தறிக்காரி இல்லை. ஒரு வேலையும் பாக்கி இல்லை. அப்படி ஒரு இடம் இருக்கிறது என்று நீங்கள் சொன்னதுண்டு. நான் நம்பினதில்லை.

மணி அடித்தது. கண்ணைத் திறக்க மனமே இல்லை. திறந்ததும் உங்களைத்தான் பார்த்தேன். தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வந்துவிட்டது என்று நினைத்தேன். வெள்ளியங்கிரி அண்ணன் உதட்டில் விரலை வைத்தார். நான் தலையை ஆட்டிவிட்டுச் சந்தோசமாக வீட்டுக்கு வந்தேன். உங்களுக்குப் பிடிக்குமே என்று பச்சைப்பயறு கடைந்தேன். சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, பாட்டுக்கூடப் பாடிக்கொண்டு கடைந்தேன். அப்போதுதான் ஆள் ஓடி வந்தது.

எத்தனை மணிக்கு ஆச்சு என்று டாக்டர் கேட்டபோது, மணி அடித்தபோதே தலை கவிழ்ந்திருந்தது என்று என்னால் சொல்லியிருக்க முடியும். நான் சொல்லவில்லை.

இப்போது உட்கார முடியாததற்குக் காரணம் அழுகை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அழுகை இல்லை. கண்ணை மூடினால் அது மறுபடி வராதோ என்று இல்லை மாமா. வந்துவிடுமோ என்றுதான்.

கார்த்திகை 1, சனி

நாளைக்கு மன்ற நாள். புடவைக்குக் கஞ்சி போட்டேன். கல்லுக்கு இன்னும் சரி என்று சொல்லவில்லை. நேரில் வந்து சொல்கிறேன் என்று ஐயாவுக்குச் சொல்லி அனுப்பினேன். சரி என்றுதான் சொல்வேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

கார்த்திகை 2, ஞாயிறு

மன்றத்துத் தகரக் கொட்டகை நிறைந்திருந்தது. திருப்பூரிலிருந்து சுகந்தியும் வந்துவிட்டாள், சண்டை போடத்தான். வெள்ளியங்கிரி அண்ணன் வாசல் தூணோடு ஒண்டிக்கொண்டு நின்றார். உங்கள் இடத்தில் ஒரு கல்லைப் போர்த்தி வைத்திருந்தார்கள். ஏற்கெனவே செதுக்கியாகிவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

குழந்தைவேலு ஐயா நிறையப் பேசினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார். மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் தள்ளி வைத்துவிட்டேன்.

"அவருக்கு ஒடம்பு சரியில்லாமப் போச்சுங்" என்றேன். "இங்க உக்காந்திருக்கறப்பவே. நாம யாரும் பாக்கல. நானும் பாக்கல. நாம அத்தனை பேருந்தான் பாக்கல. உள்ள அவருக்கு எப்பிடி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங். தெரியாததைக் கல்லுல எழுத வேண்டாமுங்."

சலசலவென்று பேச்சு. ஐயா முகம் கறுத்தது. "அம்மிணி, இத்தனை வருசத் தவத்தை ஒரு வியாதின்னு சொல்றீங்களா?" என்றார்.

"வியாதி வந்தாத் தவம் இல்லைன்னு ஆயிருமுங்களா ஐயா?"

அவர் கோபமாகத்தான் இருந்தார். ஆனால் கல்லின்மேல் போர்த்தின துணியை அவர் எடுக்கவில்லை.

"இன்னொண்ணுங். இனிமேல் காவல் இருக்கறவங்க எல்லாரையும் ஒருக்காத் தொட்டுப் பாக்கோணும். தொட்டா ஆகாதுன்னா, ஆகாமப் போகட்டுமுங். மறுநா உக்காந்துக்கலாம். இன்னைக்குக் காவல் நான் இருக்கறேன்."

பெண்கள் காவல் இருந்ததில்லை. யாரோ அதைச் சொன்னார்கள். "இருக்கட்டும் போங்க. அந்தம்மா மனசு ஆறட்டும்" என்று வேறு யாரோ சொன்னார்கள். உட்கார்ந்தார்கள். நான் வாசல் பக்கம் திரும்பி, "உள்ள வாங்ணா" என்றேன். வெள்ளியங்கிரி அண்ணன் வரவில்லை. சுகந்திதான் எழுந்து போனாள். அவர் முகத்தைப் பார்க்காமல், கையை மட்டும் பிடித்து இழுத்து வந்து கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டுத் தானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

இத்தனை வருசத்தில் நான் பார்க்காததை இன்று பார்த்தேன் மாமா. கண்ணை மூடின முகங்கள். ஒருவருக்கு வாய் திறந்திருக்கிறது. ஒருவருக்குக் கண்ணிமை துடிக்கிறது. தையல்கார அம்மாவுக்குக் கன்னத்தில் தண்ணீர் வழிகிறது. அழுகையா ஆனந்தமா, எனக்கு எப்படித் தெரியும்? குழந்தைவேலு ஐயாவுக்குத் தலை தொங்கி, ஒரு பக்கம் சாய்ந்து, உதடு இழுத்துக்கொண்டிருந்தது. பயந்து ஓடிப்போய்த் தொட்டேன். சின்னக் குறட்டை ஒன்று விட்டு நிமிர்ந்தார்.

பார்த்தால் தெரியாது. உண்மையாகவே தெரியாது. தூங்குகிறவரும், ஆழத்தில் இருப்பவரும், போய்க்கொண்டிருப்பவரும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள். அந்த அண்ணன் எப்படிக் கண்டுபிடித்திருப்பார்? அவர்மேல் கோபம் இல்லை என்று இதுவரை எழுதினதெல்லாம் பொய். இன்றைக்குத்தான் இல்லை.

ஒவ்வொருவராக மணிக்கட்டைத் தொட்டுக்கொண்டே போனேன். எல்லாம் சூடாக இருந்தது. கடைசியில் வெள்ளியங்கிரி அண்ணன் தோளைத் தொட்டேன். ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"இருக்கேன் அம்மிணி."

"மூடுங்ணா கண்ணை."

சுகந்தியையும் தொட்டேன். அவள் தியானம் பண்ணவில்லை. சும்மா கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தாள். என் கையை விடவில்லை. அப்படியே குனிந்தபடி நின்றேன், இடுப்பு வலிக்கும்வரை.

சாப்பாடு போட்டார்கள். கல்லை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. ஐயா என்னோடு பேசவில்லை. நாள் போனால் பேசுவார். சுகந்தி அசந்து தூங்குகிறாள். விளக்கு வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நாளைக் காலையில் உட்காரலாம் என்றிருக்கிறேன். அது வந்தால் வரட்டும். வேண்டாம் என்று எழுந்து ஓட மாட்டேன். எல்லோரிடமும் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கும் ஒன்று தெரியவில்லை. அதை உங்களைத் தவிர வேறு யாரிடம் கேட்பது? அன்று காலையில், நீங்கள் விரலைத் தட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், எனக்குள் வந்து உட்கார்ந்தது நீங்களா மாமா?